கல்லில் வெட்டிய விதியும் பள்ளியில் எழுதவேண்டிய விதியும்

(உத்திரமேரூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஒழுங்கும் உரிமையும்' என்று இன்றைய பேச்சுக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அரசியல் மேடையில் இதற்கென்ன வேலை என்று எவரேனும் கேட்கக்கூடும். விலைவாசியைப் பற்றிப் பேசலாம். வரியைப் பற்றிப் பேசலாம். நெல்லுக்குக் கிடைக்கும் விலையைப் பற்றிப் பேசலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எத்தனை மணிக்கு வரவேண்டும், தலைமுடியை எப்படி வெட்டவேண்டும், தவறு செய்தால் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் அரசியலா? நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்கிறேன்.

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் முதன்முதலாகக் காணும் அரசாங்கம் எது? கோட்டையிலே இருக்கும் அரசாங்கமன்று, தலைமையாசிரியர் அறை! அவன் முதன்முதலாகப் படிக்கும் சட்டம் எது? பள்ளியின் அறிவிப்புப் பலகை! அவன் முதன்முதலாக நிறுத்தப்படும் நீதிமன்றம் எது? வகுப்பறையின் வாசற்படி! சட்டம் என்பது எல்லோருக்கும் பொதுவானது, என்னையும் காக்கும், என்னைத் தண்டிப்பவரையும் கட்டும் என்று அங்கே அவன் கற்றுக்கொள்ளலாம். அல்லது, சட்டம் என்பது வலியவன் கையிலுள்ள பிரம்பு, அது நம் கைக்கு வரும் வரையில் பொறுத்திருக்கவேண்டும் என்றும் கற்றுக்கொள்ளலாம். 13 வயதில் கற்ற இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டுதான் 18 வயதில் வாக்குச்சாவடிக்கு வருகிறான். ஆகவேதான் தோழர்களே, இது அரசியல்; அரசியலுக்கெல்லாம் அடிப்படையான அரசியல்.

இதைப் பேசுவதற்கு உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் வேறொன்று உண்டா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், இவ்வூர்ச் சபையார் கூடி வகுத்த தேர்தல் விதிகள் இங்கேயுள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே வெட்டப்பட்டிருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலே இட்டார்கள். குலுக்கி எடுத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என அமைத்து ஊரை ஆண்டார்கள். குடவோலை கண்ட ஊர் என்று நாமெல்லாம் மார்தட்டிக்கொள்கிறோம். மார்தட்டுவது எளிது. அந்தச் சுவர் நமக்கு என்ன சொல்கிறது என்று நின்று கேட்பதுதான் கடினம்.

அது நான்கு செய்திகளைச் சொல்கிறது.

விதி, எல்லோரும் காணும் இடத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பது முதற்செய்தி. சபையார் விதியைத் தங்கள் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. வேண்டும்போது நீட்டவும் வேண்டாதபோது மடக்கவும் இடம் வைக்கவில்லை. கல்லிலே வெட்டினார்கள்.

விதி, அதிகாரத்தில் இருப்பவனையே முதலில் கட்டவேண்டும் என்பது இரண்டாம் செய்தி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் தேர்வாகக் கூடாது. அவனுடைய உறவினரும் கூடாது என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக அடுக்கித் தடுத்திருக்கிறார்கள். கடந்த 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை.

முடிவு, மறைவில் நிகழக்கூடாது என்பது மூன்றாம் செய்தி. ஊர்ச்சபை முழுவதும் கூடியிருக்கக் குடம் உயர்த்தப்படும். எடுத்த ஓலையை வாங்குபவன், ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையிலே வாங்கவேண்டும், படித்துக் காட்டவேண்டும், அங்கிருக்கும் மற்றவர்களும் படிக்கவேண்டும். கைக்குள் இன்னொரு ஓலையை மறைத்து வைத்திருக்கக்கூடும் என்ற ஐயத்திற்கும் இடம் தராத ஏற்பாடு அது.

நான்காவது, விதி திருத்தத்தக்கது என்பது. 919-இல் வகுத்த விதியில் உறுப்பினர் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டே ஆண்டுகளில் அதை மாற்றி 35-க்கு மேல் 70-க்குள் என்றார்கள். கல்லில் வெட்டியதாயிற்றே, கைவைக்கலாமா என்று அவர்கள் தயங்கவில்லை. அனுபவம் கற்பித்தது, திருத்தினார்கள்.

பெருமையைக் கூறினேன். சிறுமையையும் கூறவேண்டும், அதுவே நேர்மை. அந்தக் குடத்திற்குள் யார் யார் பெயர் விழ முடிந்தது? இது சதுர்வேதிமங்கலம், அந்தணர் ஊர். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையிலே வீடும், வேதக் கல்வியும் உடையவர் பெயரே விழ முடிந்தது. உழுதவன் பெயர் இல்லை. ஏரிக்கரையில் மண் சுமந்தவன் பெயர் இல்லை. பெண்ணொருத்தியின் பெயரும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குடத்திற்குள் கையிட்டு ஓலையை எடுத்தவன் யார்? ஒரு சிறுவன்! ஒன்றும் அறியாத பாலகனாகப் பார்த்து அழைத்து எடுக்கச் செய்தார்கள். அவனுக்குச் சூது தெரியாது, வேண்டியவர் வேண்டாதவர் தெரியாது என்று நம்பினார்கள். ஊரின் தலைவிதியை எடுக்க அவன் கை வேண்டியிருந்தது. ஆனால் அவன் வாய் வேண்டியிருக்கவில்லை. எடுத்துக் கொடுத்தான், போய்விட்டான். 1,100 ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் நம் பள்ளிகளில் பிள்ளைகளின் நிலை ஏறத்தாழ அதுதான். கை வேண்டும், கட்டிக்கொண்டு நிற்க. வாய் வேண்டாம்!

இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: கல்வெட்டில் இருந்த நான்கு நன்மைகளையும் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும், கல்வெட்டில் இல்லாத இரண்டை, அதாவது சமத்துவத்தையும் குழந்தையின் சொல்லையும், நாம் புதிதாகச் சேர்க்கவேண்டும்.

ஏதேனும் ஒரு பள்ளியின் விதிப் பட்டியலைக் கையிலெடுத்துப் பாருங்கள். மாணவன் குறித்த நேரத்தில் வரவேண்டும், சீருடை அணியவேண்டும், கைப்பேசி கொண்டுவரக் கூடாது, விடுப்புக்குக் கடிதம் தரவேண்டும், பெரியோரை மதிக்கவேண்டும். எல்லாம் சரி. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லா வாக்கியங்களுக்கும் எழுவாய் ஒன்றே: மாணவன், மாணவன், மாணவன்! ஆசிரியர் மாணவனை என்ன சொல்லி அழைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறதா? தண்டனைக்கு முன் அவன் விளக்கத்தைக் கேட்கவேண்டும் என்று இருக்கிறதா? கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் விடை வரும் என்று இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் கட்டும் கயிற்றுக்கு விதி என்று பெயரில்லை தோழர்களே. அதற்குத் தளை என்று பெயர்.

தண்டனையை எடுத்துக்கொள்வோம். அந்நாளைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் 'கோதண்டம்' என்றொரு தண்டனை இருந்தது. பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிட்டு அடிப்பது. அதைக் கண்டு எவரும் அதிர்ச்சி அடைந்ததில்லை. கல்வியின் ஒரு பகுதி என்றே கருதினார்கள். ஆனால் அதே காலத்தில், 1790-களில், சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்காக நடைபெற்ற விடுதிப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் வேறொரு வழியைக் கண்டார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையைப் பார்த்து, மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தவர் அவர். பிள்ளைகளின் தவறுகளை ஏட்டில் குறித்துவைத்து, உடன்பயிலும் மாணவர்களையே நடுவராக அமர்த்தி விசாரிக்கச் செய்தார். 1797-இல் அந்தச் சோதனையைப் பற்றி அவர் எழுதி வெளியிட்ட பின், 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குச் சென்றது. குழந்தைகளிடம் நீதியுணர்ச்சி உண்டு, அதை நம்பலாம் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்த இறக்குமதி அன்று. நம் எழும்பூரிலேயே முளைத்தது. நாம்தான் அதைப் பேணாமல் விட்டுவிட்டோம்.

நம் கல்வி விதித்தொகுப்பில் 51-ஆம் விதி என்று ஒன்று உண்டு. வேண்டுமென்றே பொய் சொல்லுதல், ஆபாசமான சொல் அல்லது செயல், வெளிப்படையான கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்கு மட்டும் பிரம்படி தரலாம். அதுவும் உள்ளங்கையில் 6 அடிக்கு மேற்படாமல், தலைமையாசிரியர் கையாலோ அவர் மேற்பார்வையிலோ தரலாம் என்று அது நெடுங்காலம் கூறிவந்தது. பாருங்கள், அடியை அனுமதித்த விதிகூட ஆசிரியர் கையைக் கட்டித்தான் வைத்திருந்தது! ஆனால் அந்த விதி இருப்பதை மாணவன் அறிந்தானா? பெற்றோர் அறிந்தனரா? வீட்டுப் பாடம் எழுதாதவனுக்கு அடி, தாமதமாக வந்தவனுக்கு அடி, சிரித்தவனுக்கு அடி, அடி வாங்கியவனைப் பார்த்து அழுதவனுக்கும் அடி! எழுதிய விதி மறைந்திருந்தால், எழுதாத விதிதான் ஆட்சி செய்யும்.

2003-இல் தமிழ்நாட்டில் அந்த 51-ஆம் விதி திருத்தப்பட்டு, உடலையோ மனத்தையோ வருத்தும் தண்டனை விலக்கப்பட்டது. 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரையில் குழந்தையைப் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் குடை 6 முதல் 14 வயது வரையில், 8-ஆம் வகுப்பு வரையில் மட்டுமே விரிகிறது. உயர்நிலைப் பள்ளியின் 9-ஆம் வகுப்பில் காலெடுத்து வைத்தவுடன் குடை மடங்கிவிடுகிறது. அங்கேதான் பிரம்பைவிடக் கொடிய தண்டனை காத்திருக்கிறது. அதன் பெயர் மாற்றுச் சான்றிதழ்! 'டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன்' என்ற ஒரு வாக்கியத்திற்கு அஞ்சாத ஏழைத் தாய் உண்டா? பொதுத்தேர்வில் தேர்ச்சி விழுக்காடு குறையும் என்பதற்காக, படிப்பில் பின்தங்கியவனை 'ஒழுக்கக்கேடு' என்று பெயர் சூட்டி வெளியேற்றினால், அவன் எங்கே போவான்? செங்கற்சூளைக்குப் போவான், கட்டட வேலைக்குப் போவான். பெண்ணாக இருந்தால் அவசரக் கல்யாணம். அவள் படிப்பு அன்றோடு முடிந்தது.

அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் சில மாணவர்களைப் பள்ளி நிர்வாகம் விசாரணையின்றிப் 10 நாள் வரையில் விலக்கிவைத்தது. வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரையில் சென்றது. 1975-இல் தீர்ப்பு வந்தது. குறுகிய கால விலக்கமாயினும், குற்றம் இன்னதென்று மாணவனுக்குச் சொல்லவேண்டும், அவன் தரப்பைக் கேட்கவேண்டும் என்பதே தீர்ப்பு. 10 நாளுக்கே அந்நியாயம் கூடாதென்றால், ஓர் ஏழைப் பிள்ளையின் ஆயுளை ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டு முடித்துவைப்பதற்கு விசாரணை வேண்டாமா? எழுத்து மூலம் காரணம் வேண்டாமா? மேல்முறையீடு வேண்டாமா?

இங்கே ஆசிரியப் பெருமக்கள் சிலரும் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நெஞ்சில் எழும் கேள்வி எனக்குப் புரிகிறது. 'மேடையில் நின்று பேசுவது எளிது ஐயா! 50 பிள்ளைகளுக்கு நடுவே நிற்பது நாங்கள். கைப்பேசியைப் பிடுங்கினால் முறைக்கிறான். கண்டித்தால் ஆளைக் கூட்டிவருகிறான். பிரம்பையும் பிடுங்கிவிட்டு ஒழுங்கையும் எங்களிடமே கேட்கிறீர்களே!' என்கிறீர்கள். உங்கள் வேதனை பொய்யன்று. 2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளியொன்றில், வகுப்பறையிலேயே, ஓர் ஆசிரியை 9-ஆம் வகுப்பு மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தை மறந்துவிட்டு மாணவர் உரிமை பேசுபவன் பாதி உண்மையைத்தான் பேசுகிறான்.

ஆனால் ஐயா, ஒன்று கேட்கிறேன். 'அடியாத மாடு படியாது' என்று நம்பிப் பல தலைமுறை அடித்துப் பார்த்தோமே, படிந்ததா? அடிக்குப் பயந்தவன் பள்ளியைவிட்டு ஓடினான். பயப்படாதவன் அடியைக் கற்றுக்கொண்டான். கல்வி உரிமைச் சட்டம் தடுப்பது துன்புறுத்தலைத்தான், ஒழுங்கை அன்று. குறித்த நேரம் வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், தவறுக்குப் பொறுப்பேற்பு வேண்டும். உடைத்தவன் பழுதுபார்க்கட்டும், வைதவன் மன்னிப்புக் கேட்கட்டும், பாடத்தைத் தவறவிட்டவன் மாலையில் இருந்து படிக்கட்டும். அதற்கு ஆசிரியருக்குத் துணை வேண்டும், மனநல ஆலோசகர் வேண்டும், காலியிடங்கள் நிரப்பப்படவேண்டும். பிரம்பைக் கேட்காதீர்கள், இவற்றைக் கேளுங்கள். கேட்கும்போது எங்களையும் உங்கள் வரிசையில் நிற்கக் காண்பீர்கள்.

அடுத்து, 'சலுகை' என்ற சொல்லுக்கு வருகிறேன். மதிய உணவு சலுகையாம், பேருந்துப் பயண அட்டை சலுகையாம், புத்தகம் சலுகையாம், சீருடை சலுகையாம், உதவித்தொகை சலுகையாம்! யார் யாருக்குத் தந்த சலுகை? 1920-இல் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட வழிசெய்யப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவு வந்தது. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, சோற்றுத் தட்டு மட்டும் ஒரு நூற்றாண்டாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஏன்? மக்கள் கேட்டார்கள்; மக்கள் வாக்களித்தார்கள்; மக்கள் வரி கொடுத்தார்கள். அப்பன் வாங்கும் தீப்பெட்டியிலும் ஆத்தா வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறதே, அந்தப் பணத்தில் வெந்த சோறு சலுகையா? உரிமை!

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சலுகை என்று நினைக்கும் நடத்துநர், சீருடைக் கூட்டத்தைக் கண்டால் நிறுத்தத்தைத் தாண்டி 100 அடி தள்ளிப் பேருந்தை நிறுத்தச் செய்கிறார்; பிள்ளைகள் புத்தக மூட்டையோடு ஓடுகின்றன; ஏறியவன் படியில் தொங்குகிறான்; ஏறாதவன் தாமதமாகப் போகிறான். தொங்கியவனுக்கும் கெட்ட பெயர். தாமதமாய்ப் போனவனுக்கும் வாயிற்கதவு அடைப்பு. ஏரியும் கழனியும் சூழ்ந்த இந்த வட்டாரத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் காலையில் ஒரே ஒரு பேருந்து என்றால், 'குறித்த நேரத்தில் வரவேண்டும்' என்ற விதியை மீறியவன் மாணவனா, பேருந்தா? உரிமை என்று எழுதிப் பாருங்கள். தலைமையாசிரியர் பிள்ளையைத் தண்டிப்பதற்குப் பதிலாகப் பணிமனைக்குக் கடிதம் எழுதுவார்.

சலுகை என்ற சொல் தரும் இழிவு இன்னும் ஆழமானது. உதவித்தொகைக்கு உரியவர்களை வகுப்பிலே எழுப்பி, இன்ன சாதியார் எழுந்து நில்லுங்கள் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதைவிடக் கொடுமை வேறுண்டா? பணத்தைக் கையில் கொடுத்து, மானத்தைக் கையிலிருந்து பறிப்பதா? ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கையில் இதைத்தான் சுட்டிக்காட்டியது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது. உதவித்தொகைச் செய்தியைத் தலைமையாசிரியர் தனியே அழைத்துத்தான் சொல்லவேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்தக் குழு ஏன் அமைந்தது? 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நேர்ந்த சாதிக்கொடுமையை வெளியே சொன்ன ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவனை, உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். புத்தகம் ஏந்தவேண்டிய கை அரிவாள் ஏந்தியது. இது ஒரு நாளில் விளைந்ததா? இல்லை. அதற்குமுன் கையிலே வண்ணக் கயிறு இருந்தது. சிவப்பு ஒரு சாதி, மஞ்சள் ஒரு சாதி, பச்சை ஒரு சாதி என்று பார்த்தவுடன் பிரித்தறியும் கயிறு! 2019 ஜூலையில் இந்தக் கயிறுகளைத் தடுக்கும்படி பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போயிற்று. எதிர்ப்புக் குரல் எழுந்தது, சுற்றறிக்கை முடங்கிற்று. 4 ஆண்டுகள் கழித்து நாங்குநேரி! 2024-இல் நீதிபதி சந்துரு குழு மீண்டும் அதையே சொன்னது: கயிறு வேண்டாம், மோதிரம் வேண்டாம், சாதி காட்டும் அடையாளம் எதுவும் வேண்டாம், வகுப்பறை இருக்கைகூடப் பெயரின் அகரவரிசைப்படியே இருக்கட்டும் என்றது.

'உரிமை பேசும் நீங்களே கயிற்றைத் தடுக்கலாமா?' என்று சிலர் கேட்கிறார்கள். விடை சொல்கிறேன். 1965-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மாணவர் சிலர், வியத்நாம் போரில் மாண்டவர்களுக்கு இரங்கிக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குச் சென்றனர், தற்காலிகமாக விலக்கப்பட்டனர். 1969-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், 1985-இல் கேரளத்தில், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையோடு எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாதிருந்த 3 குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986-இல் நம் உச்சநீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. அந்தக் கறுப்புப் பட்டை சிந்தித்து அணிந்தது; அந்த மௌனம் மனச்சாட்சியிலிருந்து வந்தது. சாதிக் கயிறு எதிலிருந்து வந்தது? பிறப்பிலிருந்து! அது கருத்தைச் சொல்லவில்லை. 'நான் உனக்கு மேல்' என்று சொல்கிறது. மனச்சாட்சிக்குப் பள்ளியில் இடம் உண்டு, மமதைக்கு இல்லை. சீருடை உடலுக்குத்தான், உள்ளத்துக்கு அன்று.

ஒரே பள்ளியில் இருவகை விதி என்பது நமக்குப் புதிதன்று. 1920-களில் திருநெல்வேலிச் சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். தேசியக் கல்வி என்று ஊரெல்லாம் பொருள் தந்தார்கள். உள்ளே, பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி! அது வெளிப்பட்டதும் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கிளர்ந்தெழுந்தார்கள். 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. இருவர் இலைதானே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். இரண்டு இலை தனியே விழுந்ததைச் சகிக்காததால்தான் தமிழ்நாட்டு அரசியலின் போக்கே மாறிற்று. ஆகவே, பள்ளிக்கூடத்துச் சிறு விதி என்று எதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

தோழர்களே, கேட்டுக் கைதட்டிக் கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, உங்கள் ஊர்ப் பள்ளியின் விதிகள் தமிழில், பெரிய எழுத்தில், வாயிற்சுவரில் எழுதப்படக் கேளுங்கள். ஒரு பக்கம் மாணவன் கடமை. மறுபக்கம் மாணவன் உரிமை. இன்ன தவறுக்கு இன்ன நடவடிக்கை, யாரிடம் முறையிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கல்லில் வெட்டிய ஊரில் வண்ணத்தில் எழுத முடியாதா?

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், சரிபாதி பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. குடத்திற்குள் பெயர் விழாத நம் தாய்மார்களுக்குச் சட்டம் தந்த நாற்காலி அது. கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் போகாமல், கணக்குக் கேட்கவும் போங்கள். கணக்குக் காட்டாதவன் பதவிக்கு ஆகாதவன் என்பது உத்திரமேரூர் உலகுக்குச் சொன்ன சொல்!

மூன்றாவது, எந்தப் பிள்ளையும், எழுத்து மூலம் காரணம் சொல்லப்படாமலும் அவன் தரப்புக் கேட்கப்படாமலும் பள்ளியைவிட்டு வெளியேறக் கூடாது. அப்படி நேர்ந்தால் அந்தத் தாயோடு சென்று தலைமையாசிரியர் முன் அமருங்கள். மிரட்டுவதற்கன்று, கேட்பதற்கு. கொடி கட்டிய வண்டியில் பத்துப் பேர் போய்த் தலைமையாசிரியரைச் சூழ்ந்துகொள்வதைத் தொண்டு என்று எண்ணாதீர்கள். பிரம்பை ஆசிரியர் கையிலிருந்து வாங்கி நம் கையில் பிடித்துக்கொள்ள நாம் இங்கே கூடவில்லை. கட்சியின் கொடி பள்ளி வாயிலோடு நிற்கட்டும்.

நான்காவது, குழந்தையின் சொல்லைக் கேளுங்கள். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-இல் உருவாயிற்று. 1992-இல் இந்தியா அதை ஏற்றது. தன்னைப் பற்றிய செய்திகளில் தன் கருத்தைச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. 'மாணவர் மனசு' என்று பள்ளிகளுக்குப் புகார்ப் பெட்டி வந்தது. பெட்டி இருக்கிறதா, திறக்கப்படுகிறதா, சீட்டுக்கு விடை கிடைக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். நாங்குநேரிச் சிறுவன் சொன்னதற்காக வெட்டுப்பட்டான். இனிச் சொல்கிறவனைக் காப்பது ஊரின் பொறுப்பு.

கடைசியாக, வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் கையைப் பாருங்கள். கயிறு இருந்தால் நீங்களே அவிழ்த்துவிடுங்கள். ஆசிரியர் அவிழ்க்கக் காத்திராதீர்கள். அரசாணை வரக் காத்திராதீர்கள். அந்தக் கயிற்றை அவன் கையில் கட்டியது பள்ளிக்கூடம் அன்று, தோழர்களே; நாம்தான்.

அன்று குடத்திற்குள் கையிட்டுப் பெரியவர்களின் பெயரை எடுத்துக் கொடுத்த சிறுவனுக்கு, அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்திருந்ததோ இல்லையோ, இன்றைய நம் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியும். அவர்கள் படிக்கத்தக்க விதியை எழுதுவோம். அதை முதலில் நாம் கடைப்பிடிப்போம்.